விற்கோமைக் கண்டவர் எழுதவும்

பள்ளிமுனைக் கோவிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி இருக்கும் மூன்றாவது வீட்டில் நிறஞ்சலா இருக்கிறாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். அங்கே முதலாம் வருட மாணவன் பச்சைத் தொப்பி போடாமல் வெளியே வந்தால், இரண்டாம் வருடக்காரர் அவனைத் தூக்கிக் குளத்தில் போடுவார்கள். எந்த விடுதியில் சோறு வாயில் வைக்க முடியாது, எந்தப் பேராசிரியர் தன் வகுப்பில் தானே தூங்கிவிடுவார், எந்தப் புல்வெளியில் பெண் பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது, 1905ஆம் ஆண்டு வடமிழுத்தலில் எந்த வகுப்பு ஆற்றுக்குள் விழுந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். அந்த ஊருக்கு அவள் போனதில்லை. அந்த மாணவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. அதைவிட, எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் அவள் ஒரு நாள்கூட மாணவியாகக் கால் வைத்ததில்லை. கடவுளுக்கும் சில நேரம் இப்படித்தான் பகிடி வரும்.

விடுதியில் போட்டது சோறோ பாணோ, அது மட்டும் அவளுடைய கற்பனை. மற்றதெல்லாம் அச்சில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் நூறு வருடங்களுக்கு முன் தன் பழைய மாணவர்களுக்காக மாதாமாதம் ஒரு சஞ்சிகை வெளியிட்டது. இப்போது அதை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். மை ஊறிய பழைய அச்சை இயந்திரம் கண்டபடி வாசித்து வைக்கும். அதைத் திருத்தும் வேலை கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து நிறஞ்சலாவின் மடிக்கணினிக்கு வந்தது. காலையில் எட்டு மணிக்குக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மதியம் வரை அவள் அமெரிக்காவில்தான் இருப்பாள்.

சஞ்சிகையின் முன்பக்கங்களில் பெரிய மனிதர்களின் பேச்சுகள் இருக்கும். அவள் அவற்றைக் கடமைக்குத் திருத்துவாள். அவளுக்குப் பிடித்தது பின்பக்கங்கள். அங்கே பட்டம் பெற்ற ஆண்டுப்படி வகுப்பு வகுப்பாகச் செய்திகள் வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு செயலாளர். யார் கலியாணம் முடித்தது, யார் பிலிப்பைன்சுக்குப் படிப்பிக்கப் போனது, யார் நெஞ்சு வருத்தத்தில் செத்தது என்று அவர் எழுதுவார். வகுப்பில் முதலாவதாகப் பிறக்கும் குழந்தைக்கு எல்லாருமாகச் சேர்ந்து வெள்ளிக் கோப்பை ஒன்று கொடுப்பார்கள். கடிதம் எழுதாத சோம்பேறிகளைச் செயலாளர் பெயர் சொல்லியே திட்டுவார். கடைசியில் சின்னதாக ஒரு பட்டியல் வரும். தொலைந்தவர்கள். பெயர், கடைசியாகத் தெரிந்த முகவரி, கீழே ஒரு வரி: கண்டவர்கள் எழுதவும்.

1906ஆம் ஆண்டு வகுப்பில் அப்படித் தொலைந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவன் ஏர்ல் விற்கோம். மற்ற நாலு பேரும் வெறும் பெயர்கள். விற்கோமை மட்டும் செயலாளர் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதாவது எழுதினார். மற்றவனுடைய சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போகும் விற்கோமை யாராவது கண்டீர்களா? ஒமாகா ரயில் நிலையத்தில் கண்டதாக ஒருவர் சொல்கிறார், உண்மையா? விற்கோம், இதை வாசித்தால் என் சாம்பல் நிறச் சட்டையைத் திருப்பித் தா.

பத்து மணித் தேத்தண்ணிக்கு எழும்பும்போது நிறஞ்சலா இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லுவாள். அம்மா எடித் குசினி வாசலில் இருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டு கேட்பாள். எடித்துக்கு எழுபத்தொரு வயது. விற்கோமைத் தவிர வேறு எந்த வெள்ளைக்காரனிலும் அவளுக்கு அக்கறை கிடையாது.

"அந்தப் பொடியன் கிடைச்சிட்டானோ?"

"இல்லையம்மா, தேடுறாங்கள்."

"அவனுக்குத் தாய் இருக்கிறாவோ?"

"தாயைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"அவ இருப்பா," என்பாள் எடித். "எழுதாட்டிலும் இருப்பா."

எடித் ஏன் கேட்கிறாள் என்பது பள்ளிமுனையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பதினாறு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதப் பின்னேரம், யாரென்று சொல்லாத நாலு பேர் வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன விசாரணை, ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவோம் என்று அவளுடைய மகன் றொசாந்தனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அந்த ஒரு மணித்தியாலம் இன்னும் முடியவில்லை.

நிறஞ்சலா அவனுக்கு இரண்டு வயது இளையவள். அவன் போன பிறகுதான் அவளுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. அப்பா சிங்கராசா அந்த வருடம் முழுக்க வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு முகாம் முகாமாக அலைந்தார். அம்மா அவன் வருவான் என்று வேலிப் படலையடியில் நின்றாள். இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு எப்படிப் பெட்டி கட்டுவது? அடுத்த வருடம் போகலாம் என்றாள். அடுத்த வருடம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், பிறகு எழும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிதம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அவள் தொண்டு நிறுவனங்களில் படிவம் நிரப்பினாள், வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போனாள், கலியாணப் பேச்சு இரண்டு வந்து தானாகவே ஓய்ந்தது. காணாமல்போனவனின் வீட்டில் பெண் எடுக்கச் சனத்துக்கு ஒரு தயக்கம். வாயால் சொல்லமாட்டார்கள், சாதகம் பொருந்தவில்லை என்பார்கள். வேதக்காரருக்கு ஏது சாதகம்?

எடித் இந்தப் பதினாறு வருடத்தில் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி, கடைசியாக என்ன உடுப்புப் போட்டிருந்தார்? எடித் ஒரே பதில் சொல்லுவாள். நீலக் கோடு போட்ட சேட்டு. அது அவனுடைய சேட்டுமில்லை. கூட்டாளி பிரசாந்தனுடையது. பிரசாந்தனும் றொசாந்தனும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒருவன் சேட்டை மற்றவன் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். விற்கோமின் சட்டைக் கதையை எடித் அவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கோ அம்மா, உதவி ஏதும் கிடைக்கும் என்று ஒரு கந்தோரில் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். எடித் எழும்பி வந்துவிட்டாள். கார்த்திகை மாதம் கோவிலில் மரித்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்தடிப் பெட்டியில் போடுவார்கள், மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசை நடக்கும். எடித் தாய் தகப்பன் பெயரை எழுதுவாள், புருசன் பெயரை எழுதுவாள், அத்தோடு பேனையை மூடிவிடுவாள். வேறு பெயர் இல்லையோ என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சீட்டில் பெயர் எழுதினால் தாயே ஒப்புக்கொண்ட மாதிரி. இந்தக் கரையில் மகனைத் தேடும் ஒவ்வொரு தாய்க்கும் இது தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் றொசாந்தனும் நிறஞ்சலாவும் படித்த பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது வந்தது. பழைய மாணவர் சங்கம் நூற்றாண்டு மலர் ஒன்று வெளியிட முடிவெடுத்தது. சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, பிரசாந்தன்தான். இப்போது வங்கியில் உதவி முகாமையாளர், வயிறும் கொஞ்சம் வண்டி வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தான். எடித்தின் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன், கதிரை நுனியில் விருந்தாளி மாதிரி இருந்தான்.

"தங்கச்சி, நீங்கள் அமெரிக்கப் புத்தகமெல்லாம் செய்யிறீங்களாம். எங்கடை மலருக்கும் வகுப்பு வகுப்பா விபரம் தொகுத்துத் தாங்கோவன்."

நிறஞ்சலா உடனே ஓம் என்று சொல்லவில்லை. "ஒரு பக்கம் எனக்கு வேணும் அண்ணா," என்றாள். "தேடப்படுகிறவர்கள் எண்டு. காணாமல்போன ஆக்களின்ரை பெயர், கடைசி முகவரி, கண்டவர்கள் எழுதவும். அங்கை அப்பிடித்தான் போடுவினம்."

பிரசாந்தன் எடித்தைப் பார்த்தான். எடித் அவனையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அதுக்கென்ன, போடுவம்," என்றான்.

"செத்த ஆக்களின்ரை பட்டியலிலை என்ரை பிள்ளையைப் போட்டிராதை ராசா," என்றாள் எடித்.

"என்ன அன்ரி, என்னட்டைச் சொல்லோணுமே?"

மூன்று மாதம் நிறஞ்சலா கண்ணும் கருத்துமாக உழைத்தாள். அமெரிக்கச் செயலாளர்களிடம் படித்த வித்தை முழுவதையும் காட்டினாள். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்தவர்களுக்கு எழுதி, பதில் தராதவர்களைப் பகிடியாகத் திட்டி, வருடக்கணக்காக வகுப்புக்காரர் யாரோடும் பேசாமல் இருந்தவர்களைக்கூட வாய் திறக்க வைத்தாள். யார் முருங்கனில் ஆசிரியர், யாருக்கு இரட்டைப் பிள்ளை, யார் மெல்பேர்னில் லொறி ஓட்டுகிறார் என்று பக்கம் பக்கமாக வந்தது. கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர். ஏழாவது: சிங்கராசா றொசாந்தன், 2005 உயர்தர வகுப்பு, கோவில் வீதி, பள்ளிமுனை. நீலக் கோடு போட்ட சேட்டு அணிந்திருந்தார். கண்டவர்கள் எழுதவும். அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். எடித் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.

மலர் அச்சுக்குப் போன கிழமைதான் 1916ஆம் ஆண்டுச் சஞ்சிகை அவளுடைய திரைக்கு வந்தது. விற்கோமின் வகுப்புக்குப் பத்தாம் ஆண்டு ஒன்றுகூடல். எல்லாரும் கோமாளி உடுப்புப் போட்டு, பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போய், படம் எடுத்து, மூக்குமுட்டத் தின்றிருக்கிறார்கள். கீழே செயலாளர் எழுதியிருந்தார்: நமது வகுப்பில் இன்னும் ஐந்து பேர் தொலைந்தவர்களாக இருப்பது மற்ற வகுப்புகளுக்கு முன் அழகாக இல்லை. ஆகவே விருந்தின் முடிவில் கைதூக்கி வாக்கெடுத்து, ஐவரையும் இறந்தோர் பட்டியலுக்கு மாற்றினோம். எதிர்ப்பு எதுவுமில்லை.

நிறஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடம் தேடிவிட்டு, ஒரு கோமாளித் தொப்பியோடு கையைத் தூக்கி மனிதனைக் கொன்றுவிட்டார்களே! ஒன்றும் செய்ய முடியாது, எழுத்துப் பிழையைத் திருத்துவதுதான் அவளுடைய வேலை. திருத்தினாள். பத்து மணிக்கு அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னும் தேடுறாங்கள்," என்றாள் நிறஞ்சலா.

மனதில் ஏதோ உறுத்தி, அன்றைக்கே பிரசாந்தனுக்கு அழைப்பு எடுத்தாள். "அண்ணா, அந்தக் கடைசிப் பக்கம் அப்பிடியே வருதுதானே?"

"எல்லாம் வடிவா வருது தங்கச்சி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அவன் குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. வங்கியில் சனம் அதிகம் போல என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

ஐப்பசியில் நூற்றாண்டுப் பூசை. ஆயர் வந்தார், கொழும்பிலிருந்து பெரிய இடத்துப் பிரதம விருந்தாளி வந்தார், சங்கத்தின் லண்டன் கிளையிலிருந்து கோட்டும் வியர்வையுமாக ஆறு பேர் வந்தார்கள். எடித் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மகன் போனதிலிருந்து அவள் வெள்ளை கட்டியதில்லை, புருசனுடைய அடக்கத்துக்குத் தவிர. மலர் பூசைக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றார்கள். மகனுடைய பக்கத்தைப் பார்ப்பதற்காக எடித் கண்ணாடியை மறக்காமல் கைப்பையில் வைத்திருந்தாள்.

பூசையின் நடுவில், மலரில் இருந்தபடி இறந்த பழைய மாணவர்களின் பெயர்களை வாசித்தார்கள். வாசித்தது பிரசாந்தன். ஐந்தாறு பெயர் வாசித்து நிறுத்துவான். நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று சுவாமியார் சொல்ல, முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக என்று கோவில் முழுக்கச் சொல்லும். பிறகு அடுத்த ஐந்தாறு பெயர். பழைய காலத்து மனிதர்கள், யாருக்கும் முகம் தெரியாதவர்கள். வெக்கை. விசிறி சுற்றும் சத்தம். பிள்ளைகள் சிணுங்கினார்கள்.

எடித்துக்கு அந்தச் செபம் ஐந்து வயதிலிருந்து வாயில் ஊறியது. எத்தனை செத்தவீடு, எத்தனை முப்பத்தோராம் நாள், எத்தனை கார்த்திகை. யார் பெயர் என்று பாராமல் அவள் வாய் தன்பாட்டில் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. இளைய வகுப்புகளின் முறை வந்தது. பிரசாந்தன் தாளை விட்டு முகத்தை எடுக்காமல் வாசித்தான். மூன்று பெயர், நாலு பெயர்.

"சிங்கராசா றொசாந்தன்."

"நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே," என்றார் சுவாமியார்.

நிறஞ்சலா அம்மாவின் பக்கம் திரும்பினாள். பிந்திவிட்டது.

"முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக," என்று எடித் எல்லாரோடும் சேர்ந்து, தெளிவாக, சத்தமாகச் சொல்லி முடித்திருந்தாள். அதற்குப் பிறகுதான் பெயர் அவள் காதுக்குள் இறங்கியது. கையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை அவள் பூசை முடியும்வரை எடுக்கவில்லை. நற்கருணைக்கும் எழும்பவில்லை.

வெளியே மலரைத் தந்தார்கள். பளபளவென்று நல்ல தாள். லண்டன் கிளைத் தலைவரின் முழுப்பக்கப் படம், பிரதம விருந்தாளியின் வாழ்த்து, நிறஞ்சலா தொகுத்த வகுப்புச் செய்திகள் எல்லாம் இருந்தன. தேடப்படுகிறவர்கள் பக்கம் இருந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். ஏழு பேரும் எரியும் மெழுகுதிரி ஒன்றின் படத்துக்குக் கீழே மற்ற இறந்தவர்களோடு இருந்தார்கள்.

பிரசாந்தன் பந்தல் காலடியில் நின்றான். நிறஞ்சலா போய் முன்னால் நின்றதும் அவன் தானாகவே தொடங்கினான்.

"தங்கச்சி, நான் சொல்லத்தான் நினைச்சனான். தேடப்படுகிறவர்கள் எண்டு போட்டாப் பொலிஸ் நோட்டீஸ் மாதிரி இருக்காம், லண்டன் ஆக்கள் ஏலாது எண்டிட்டினம். பெரிய ஆக்கள் வாற நாளிலை கரைச்சல் எண்டு கொமிற்றியும் சொன்னது. கூட்டத்திலை கை தூக்கச் சொல்லி முடிவெடுத்தவை. ஒரேயடியா வெட்டச் சொன்னவை, நான்தான் விடேல்லை. பெயர் எங்கையாவது ஒரு இடத்திலை இருக்கட்டும் எண்டு..."

"நீங்களும் கை தூக்கினீங்களோ?"

பிரசாந்தன் சேட்டுக் கொலரை விரலால் இழுத்துவிட்டான்.

"அம்மா ஒரேயொரு விசயம்தான் உங்களிட்டைக் கேட்டவ," என்றாள் நிறஞ்சலா. "அவன் உங்கடை சேட்டோடைதான் போனவன் அண்ணா. அதை ஒருக்கா யோசிச்சிருக்கலாம்."

பிரசாந்தனின் கண் கலங்கியது. கலங்கட்டும். நல்லவன்தான், யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காதவன்தான், ஆனால் எதிரில் நிற்பவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அன்றைக்கு எடித்துக்கும் இல்லை என்று சொல்லவில்லை, பிறகு லண்டன்காரனுக்கும் சொல்லவில்லை. பிரதம விருந்தாளி பந்தலுக்கு வருகிறார் என்று யாரோ கூப்பிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்குத் திரும்பிய எடித் படலையடிக்கு வந்ததும் நின்றாள்.

"அவன் வாசிச்சது வேறை," என்றாள். "பேப்பரிலை போட்டதும் வேறை. கந்தோர்க்காரன் சொன்னதும் வேறை. நான் ஆருக்கும் விட்டுக்குடுக்கேல்லை. பதினாறு வருசம். கடைசியிலை என்ரை வாயாலை சொல்லிப்போட்டன் பிள்ளை."

"தெரியாமல் வந்ததுதானே அம்மா."

"ஆண்டவருக்கு அது தெரியுமோ?"

கார்த்திகை வந்தது. அந்த வருடம் எடித் சீட்டே எழுதவில்லை, புருசனுக்குக்கூட. ஞாயிறு பூசைக்குப் போவாள். எல்லாரும் செபம் சொல்லும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு விற்கோமைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

மார்கழியில் ஒரு காலை, 1919ஆம் ஆண்டுச் சஞ்சிகையின் பின்பக்கம் வந்தது. நிறஞ்சலா இயந்திரத்தின் பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டாள். 1906 வகுப்புச் செயலாளருக்கு ஒரு கடிதம். நான் இறந்துபோன செய்தியை மூன்று வருடம் பிந்தி, சவரக்கடை ஒன்றில் கிடந்த உங்கள் சஞ்சிகையில் படித்தேன். அலாஸ்காவில் மீன் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். இரண்டு பல்லைத் தவிர வேறொன்றும் சாகவில்லை. உன் சாம்பல் நிறச் சட்டை கிழிந்துவிட்டது. ஏர்ல் விற்கோம். கீழே செயலாளர், வகுப்பு மிகவும் வெட்கப்படுகிறது, அவரை உயிரோடிருப்பவர்களின் பட்டியலில் திரும்பச் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அவ்வளவு சுலபமாக.

சொல்வதா விடுவதா என்று அவள் கொஞ்ச நேரம் கணினியின் முன்னாலேயே இருந்தாள். பிறகு எழும்பிக் குசினி வாசலுக்குப் போனாள். எடித் சூடை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விற்கோம் கிடைச்சிட்டான்."

கத்தி நின்றது. "உயிரோடையோ?"

"ஓம். அவையளும் செத்திட்டான் எண்டுதான் எழுதினவை. அவன் எங்கையோ ஒரு மீன் கொம்பனியிலை வேலை செய்துகொண்டு இருந்திருக்கிறான்."

எடித்தின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பதினாறு வருடத்துக்கு முந்தைய முகம் அது, நிறஞ்சலாவே மறந்துபோன முகம். அதைக் கண்டதும், சொன்னது நல்லதுதான் என்று அவள் நினைத்தாள். எடித் கையிலிருந்த மீனைத் தண்ணீருக்குள் போட்டாள், செதிள் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"அப்ப அவன்ரை தாய் வாய் திறக்கேல்லை," என்றாள்.